விளக்கை நூர்க்காத வெள்ளை

அந்த அம்மா கொண்டுவந்த படம் உள்ளங்கைக்குள் அடங்கியது. ஓரங்கள் நீர்பட்டு ஊதிக் காய்ந்திருந்தன. பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பையன் மேசையில் கொப்பியை விரித்து வைத்தபடி நிமிர்ந்து சிரிக்கிறான். பள்ளிக்கூடச் சேட்டை இன்னும் கழற்றவில்லை. கொப்பிக்குப் பக்கத்தில் ஒரு ஜாம் போத்தல் விளக்கு. மண்சுவர், கொப்பித்தாள், சேட்டு, சிரிப்பில் தெரிந்த பல் என்று படம் முழுவதும் ஒரே மஞ்சள்.

“மஞ்சள் கரைச்சு ஊத்தின மாதிரிக் கிடக்கு, தம்பி. சேட்டையெண்டாலும் கொஞ்சம் வெள்ளையாக்கித் தருவியளோ?”

கிளிநொச்சியில் பழைய படங்களை ஸ்கான் செய்து, கீறல் நீக்கி, நிறம் திருத்திக் கொடுப்பதைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். அதைத் தொழில் என்று சொல்ல முடியாது. யாராவது ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி, அவர் ஒரு சொப்பின் பையோடு வந்து நிற்பார். பைக்குள் இருப்பவை பெரும்பாலும் 2009 இறுதிப் போரின்போது இடுப்பிலோ துணி மூட்டையிலோ வைத்து முள்ளிவாய்க்கால் வரை கொண்டுபோய், அங்கிருந்து செட்டிகுளம் முகாமுக்குக் கொண்டுபோய், திரும்பவும் ஊருக்குக் கொண்டுவந்த படங்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு, மூன்றுதான் மிஞ்சியிருக்கும். அல்பங்கள் பங்கருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் போய்விட்டன.

இந்தப் படங்களில் ஒரு பகுதி மஞ்சளாக இருப்பதை நான் முதலில் பழமையின் மஞ்சள் என்றுதான் நினைத்தேன். தாள் பழுப்பதும் சாயம் வெளுப்பதும் உண்மைதான். ஆனால் பல படங்கள் எடுத்த அன்றே மஞ்சளாகத்தான் பிறந்தவை. அதற்குக் காரணம் காலம் அன்று, வெளிச்சம்.

1990 முதல் வன்னிக்கு மின்சாரம் வரவில்லை. போர் முடிந்த பிறகுதான் மின்கம்பிகள் திரும்பவும் ஏறின. ஒரு தலைமுறை முழுவதும் சுவரில் ஆளியைத் தட்டினால் வெளிச்சம் வரும் என்பதை அறியாமலே வளர்ந்தது. பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. அரிக்கன் லாம்புக்கு ஊற்றக் கட்டாது. அதனால் வந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு: அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறவிட்ட சொற்ப மண்ணெண்ணெய், தாங்கியில் நிற்கும் நூல்திரி, போத்தலே சிமினி. அந்த வெளிச்சத்தில் படித்து க.பொ.த. உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகம் போனவர்கள் இன்று ஆசிரியர்களாகவும் வைத்தியர்களாகவும் இருக்கிறார்கள்.

அந்தத் தடைப் பட்டியலில் பற்றறியும் இருந்தது. வானொலி கேட்கச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றினோம். பற்றறி இல்லையென்றால் கமராவின் பிளாஷ் எரியாது. ஆனால் பொறியால் மட்டும் இயங்கும் பழைய கமராவின் கதவு பற்றறி இல்லாமலே திறந்து மூடும். ஆக வீட்டுக்குள் படம் எடுக்க வேண்டுமென்றால், இருக்கிற விளக்கு வெளிச்சம்தான். அந்த அம்மாவின் தம்பியிடம் அப்படியொரு கமரா இருந்திருக்கிறது. 2001 கடைசியில் எடுத்த படம் என்றார். பிலிம் சுருளை அடுத்த வருடம் ஏ9 பாதை திறந்த பிறகுதான் கழுவக் கொடுத்தார்களாம். அந்தப் பிலிமோ பகல் வெயிலுக்கென்று செய்யப்பட்டது.

*

பகல் வெளிச்சத்துக்கும் விளக்கு வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கம்மாலையில் நின்று பார்த்தவர்கள் சொல்லாமலே அறிவார்கள். உலைக்குள் வைத்த இரும்பு முதலில் கருஞ்சிவப்பாகும். துருத்தி ஊத ஊதச் செம்மஞ்சளாகும். இன்னும் ஊதினால் மஞ்சள், அதற்கும் மேலே வெண்மை. சூடு ஏற ஏற நிறம் சிவப்பிலிருந்து வெள்ளையை நோக்கி நகர்கிறது. அதற்கும் அப்பால் போகக்கூடிய சூடு இருந்தால் நீலம் தொடங்கும். இந்த ஒழுங்கை வைத்துத்தான் ஒளியின் நிறத்தை வெப்பநிலையால் அளக்கிறார்கள். அளவுக்குக் கெல்வின் என்று பெயர்.

மண்ணெண்ணெய்ச் சுடரில் ஒளிர்வது எரியாமல் மிதக்கும் கரித்துகள்தான். லாம்புச் சிமினியைக் கருப்பாக்கும் அதே புகைக்கரி சுடருக்குள் இருக்கும்போது தணல்போலச் சிவந்து ஒளிவிடுகிறது. அந்த ஒளி ஏறத்தாழ 1,900 கெல்வின். பழைய இழைக் குமிழ் 2,700 அளவில். நடுப்பகல் வெயில் 5,500. முற்றத்து மாமர நிழல் 7,000க்கும் மேலே, ஏனென்றால் நிழலுக்குள் விழுவது நீல வானத்தின் வெளிச்சம். நாம் கதகதப்பு என்று சொல்லும் நிறம்தான் சூடு குறைந்தது. குளிர்ச்சி என்று சொல்லும் நீலம்தான் சூடு கூடியது.

1,900 கெல்வினில் ஒளிரும் பொருளின் வெளிச்சத்தில் சிவப்போடு ஒப்பிட்டால் நீலம் முப்பதில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். நடுப்பகலில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். பகலுக்கென்று செய்த பிலிமில் நீலத்துக்கான படலம் ஒன்று உண்டு. ஜாம் போத்தல் விளக்கின் முன்னால் அந்தப் படலத்தில் ஏறக்குறைய ஒன்றுமே பதியாது.

பிலிம் காலத்தில் இதற்கு வழி இருந்தது. ஸ்ரூடியோ மின்குமிழுக்கென்று 3,200 கெல்வினுக்குச் சமப்படுத்திய பிலிம் விற்றார்கள். பகல் பிலிமை உள்ளே பயன்படுத்துவதற்கு நீலக் கண்ணாடி வடிகட்டி இருந்தது. இப்போதைய கமராவில் வெள்ளைச் சமநிலை என்று ஓர் அமைப்பு. அது செய்யும் வேலை சின்னக் கணக்கு. கமராவின் கண் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்து ஒளியை அளக்கிறது. பச்சையை அப்படியே வைத்துக்கொண்டு, சிவப்பையும் நீலத்தையும் ஏதோ ஓர் எண்ணால் பெருக்கி, வெள்ளைப் பொருளில் மூன்றும் சமமாக வரச் செய்ய வேண்டும். விளக்கு வெளிச்சம் என்றால் நீலத்தைப் பெரிய எண்ணால் பெருக்க வேண்டும்.

இங்கே ஒரு விசயத்தை நான் வெகுகாலம் கவனிக்கவில்லை. பல கமராக்களில் இந்த அளவுகோல் 2,500 கெல்வினில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து 10,000 வரை போகிறது. மேகம், நிழல், பனி, ரியூப் லைற் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. எங்கள் விளக்குக்கு மட்டும் இல்லை. மண்ணெண்ணெய்ச் சுடர் அந்த அளவுகோலின் அடிக்கும் கீழே எரிகிறது. கருவியைச் செய்தவர்களுக்கு ஒரு வன்மமும் இருந்திருக்காது. மனிதர் இரவில் வாழும் வெளிச்சம் மின்குமிழ் என்று அவர்கள் எண்ணியிருப்பார்கள். இருபது வருடம் ஒரு நிலப்பரப்பு முழுவதும் அந்தக் கோட்டுக்குக் கீழே குடியிருந்தது அவர்களுடைய கணக்கில் வரவில்லை.

*

அம்மாவின் படத்தைக் கணினியில் ஏற்றினேன். திருத்தும் மென்பொருளில் சொட்டுக்குழாய் வடிவத்தில் ஒரு கருவி உண்டு. இதுதான் வெள்ளை என்று படத்தில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினால், மற்ற எல்லா நிறங்களையும் அதற்கேற்ப அது மாற்றிவிடும். சேட்டின் தோள்பட்டையில் தொட்டேன். ஒரு நொடியில் மஞ்சள் வடிந்தது. சேட்டு வெள்ளையானது, கொப்பித்தாள் வெள்ளையானது, சுவர் சாம்பலானது. பையனின் முகத்தில் நீலப் புள்ளிகள் பொரிந்தன. இல்லாத நீலத்தைப் பெருக்கினால் கிடைப்பது வெறும் இரைச்சல்தான்.

நான் சேட்டைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

“விளக்கை நூத்துப்போட்டியளோ தம்பி?”

திரும்பிப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் சுடரும் சேட்டின் நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது. வெள்ளையாக ஒரு சுடர், ரியூப் லைற்றின் துண்டொன்றைப் போத்தலுக்குள் செருகியது மாதிரி. அந்த அறையில் இரவு இல்லை. பட்டப்பகலில் ஒரு பிள்ளை எதற்கோ விளக்கு வைத்துக்கொண்டு இருக்கிறான்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. அதேநேரம் அவர் முதலில் கேட்டதும் சரி. சேட்டு வெள்ளைதானே.

*

இந்த இரண்டு சரிகளுக்கும் நடுவில் இருப்பது மனிதக் கண்.

விளக்கு வெளிச்சத்தில் படித்த எவருக்கும் கொப்பித்தாள் செம்மஞ்சளாகத் தெரிந்ததாக ஞாபகம் இருக்காது. தாள் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆசிரியர் சிவப்பு மையால் போட்ட சரி அடையாளம் சிவப்பாகத்தான் இருந்தது. அறையில் இருக்கும் வெளிச்சத்தின் நிறத்தைக் கண்ணும் மூளையும் சேர்ந்து அறிந்து கழித்துவிடுகின்றன. எந்த நிறம் அளவுக்கு மிஞ்சி வருகிறதோ அதற்கான உணர்வைத் தணித்து, குறைந்த நிறத்துக்கானதைக் கூட்டிக்கொள்கின்றன. ஜேர்மன் உடலியலாளர் யொஹான்னஸ் வொன் கிரீஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்வைத்த இந்த விளக்கம்தான் இன்றைய கமராக்களின் பெருக்கல் கணக்குக்கும் அடிப்படை.

அந்தக் கழித்தல் எவ்வளவு ஆழமானது என்பதை 2015 பெப்ரவரியில் உலகம் முழுவதும் பரவிய ஓர் உடுப்பின் படம் காட்டியது. ஸ்கொட்லாந்தில் ஒரு திருமணத்துக்காக வாங்கிய உடுப்பு. பலருக்கு அது வெள்ளையும் பொன்னிறமும். மற்றவர்களுக்கு நீலமும் கறுப்பும். உடுப்பின் உண்மை நிறம் நீலமும் கறுப்பும். அது நிழலுக்குள் இருக்கிறது என்று எண்ணிய மூளை நீலத்தைக் கழித்தது. மஞ்சள் விளக்கின் கீழ் இருக்கிறது என்று எண்ணிய மூளை மஞ்சளைக் கழித்தது. ஒரே படம், ஒரே திரை. பார்ப்பவர் எந்த வெளிச்சத்தை மனதில் கொண்டாரோ அந்த வெளிச்சத்துக்கு ஏற்ற நிறம்.

ஆனால் கண்ணின் இந்தக் கழித்தலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் ஆய்வுகள் சொல்கின்றன. வெளிச்சம் பகலை விட்டு எவ்வளவு தூரம் விலகிப் போகிறதோ அவ்வளவுக்குக் கண்ணின் சரிப்படுத்தல் குறைபடுகிறது. சுடரின் மஞ்சளைக் கண் பெரும்பகுதி கழிக்கும், முழுதும் கழிக்காது. கொஞ்சம் மஞ்சளை அது மிச்சம் வைக்கிறது. அந்த மிச்சத்தைத்தான் இரவு என்றும் வீடு என்றும் நாங்கள் உணர்ந்திருக்கிறோம்.

ஆகவே திருத்தாத படமும் அந்த அறையைக் காட்டவில்லை. அங்கே இருந்தவர்கள் யாரும் சேட்டை அந்த மஞ்சளில் பார்க்கவில்லை. முழுதாகத் திருத்திய படமும் காட்டவில்லை. உண்மை இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. எங்கே என்று எண்ணால் சொல்லக் கருவியால் முடியாது. அந்த அறையில் இருந்த ஒருவரைத்தான் கேட்க வேண்டும்.

*

தானியங்கி வெள்ளைச் சமநிலை யாரையும் கேட்பதில்லை. அதன் பழைய சூத்திரம் ஒன்று மிக எளிமையானது: எந்தக் காட்சியிலும் எல்லா நிறங்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால் சாம்பல் வரும் என்ற நம்பிக்கை. சராசரி மஞ்சளாக இருந்தால் வெளிச்சம்தான் மஞ்சள் என்று முடிவுசெய்து நீலத்தைக் கூட்டும். இன்றைய போன்களில் இதைவிட நுட்பமான முறைகள் வந்துவிட்டன. என்றாலும் சுடர் வெளிச்சத்தில் அவை தடுமாறுவதை வைகாசிப் பொங்கலன்று வற்றாப்பளைக்குப் போனால் பார்க்கலாம்.

முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்துவந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் அந்தக் கடல்நீரில் விளக்கேற்றி, பிறகு வற்றாப்பளைக் கண்ணகி அம்மனிடம் கொண்டுசெல்லும் மரபு எங்கள் மண்ணின் மிகப் பழைய நம்பிக்கைகளில் ஒன்று. மதுரையை எரித்துவிட்டு வந்தவள் பத்தாவதாகத் தங்கிய இடம் என்பது ஐதீகம். அந்த இரவு முழுவதும் சுடரும் கற்பூரமும் பொங்கல் அடுப்புத் தீயும்தான். பக்கத்தில் நிற்பவர் போனில் எடுத்த படத்தில் தீ வெளிறி, மஞ்சள் பூசிய முகங்கள் சாம்பலாகி, பட்டுச்சேலையின் சிவப்பு மட்டும் தனியே துருத்திக்கொண்டு நிற்கும். மஞ்சளையே மங்கலமாகக் கொண்ட ஒரு சனத்தின் திருவிழாவில், மஞ்சளைப் பிழை என்று எண்ணும் கருவி என்ன செய்யும்? அங்கே நான் தானியங்கியை நிறுத்திவிட்டு அளவைக் கையால் 3,000க்குக் கிட்ட வைத்துக்கொள்வேன். தீ தீயாக இருக்கும், முகத்தில் உயிர் இருக்கும்.

முகத்தின் நிறத்திலும் ஒரு நீண்ட கதை உண்டு. பிலிம் காலத்தில் நிறம் சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்குக் கொடாக் நிறுவனம் கழுவும் கூடங்களுக்கு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண்ணின் படம் இருக்கும். முதலில் அதற்கு நின்ற பெண்ணின் பெயரால் அது ஷேர்லி அட்டை என்றே அழைக்கப்பட்டது. அவளுடைய கன்னம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுத்த தோல் இருளுக்குள் மூழ்கிப்போவது பற்றிப் பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. தளபாடக்காரரும் சொக்லேற் செய்பவர்களும் தங்கள் பொருள்களின் கபில நிறம் சரியாக வரவில்லை என்று முறையிட்டது பிலிம் மேம்பட ஒரு காரணமானது என்று கனேடிய ஆய்வாளர் லோர்ணா ரோத் எழுதியிருக்கிறார். வன்னி வெயிலில் வயலிலும் கடலிலும் கறுத்த ஒரு முகத்துக்கு எது சரியான நிறம் என்று எந்த அட்டையும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தாய்மாரைப் பக்கத்தில் இருத்தித்தான் பழகிக்கொண்டேன்.

*

“நல்ல வெள்ளைச் சேட்டு, தம்பி. நான்தானே நீலம் போட்டுத் தோய்ச்சனான்.”

அப்படி அந்த அம்மா சொன்னபோதுதான் நான் கணினியில் செய்வது எவ்வளவு பழைய வேலை என்று விளங்கியது. வெள்ளைத் துணி தோய்க்கத் தோய்க்கப் பழுக்கும். கடைசித் தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் கலந்து அலசினால் பழுப்பு அடங்கி வெள்ளை எடுக்கும். மஞ்சளை நீலத்தால் சமப்படுத்துவதுதான் அங்கேயும் நடப்பது. கூடிப்போனால் சேட்டு நீலம் பாரித்துவிடும், குறைந்தால் பழுப்புத் தெரியும். எந்த அளவில் நிறுத்துவது என்பது கைப்பழக்கம். எங்கள் ஒவ்வொரு கிணற்றடியிலும் வெள்ளைச் சமநிலை தெரிந்த ஒரு பெண் நின்றிருக்கிறாள்.

அவர் பிறகு சொன்னார்: சவுக்காரம் கிடைக்காத காலத்தில் பனங்காயைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். காயப்போட்ட துணியை வாசத்துக்கு மாடு வந்து சப்பும், காவல் இருக்க வேண்டும். அப்படியான நாள்களிலும் பிள்ளையின் சேட்டு பள்ளிக்கூட வரிசையில் வெள்ளையாகத்தான் நின்றது. அந்தச் சேட்டை வெள்ளையாகப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டதில் என்ன இருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விளக்கு அதை மஞ்சளாக்கினால் ஆக்கட்டும்; கவனிப்பாரற்ற ஒரு பிள்ளையின் அழுக்குச் சேட்டு என்று பார்ப்பவர் நினைத்துவிடக்கூடாது.

கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருக்கச் சொன்னேன். முழுத் திருத்தத்தை விலக்கிவிட்டு, மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாக வடியவிட்டேன். அவர் சேட்டைப் பார்க்கவில்லை, முகத்தை மட்டும் பார்த்தார். “இன்னும் கொஞ்சம்.” “இன்னும்.” “ஆ… பொறுங்கோ, கூடிப்போச்சு.” ஒரு புள்ளியில் கையை உயர்த்தினார். சேட்டு வெண்ணெய் நிறத்தில் இருந்தது, வெள்ளை என்று யாரும் சொல்லிவிடக்கூடிய வெண்ணெய் நிறம். சுடர் பொன்னாகத்தான் இருந்தது. சுவரில் பிள்ளையின் நிழல் தெரிந்தது. “உப்பிடித்தான் இருந்தது” என்றார்.

*

ஆனால் அவருக்கு இரண்டு படங்கள் தேவைப்பட்டன.

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் அவரும் இருந்தவர். அதே மாதம் 24இல் வவுனியாவிலும், மார்ச் 8இல் முல்லைத்தீவிலும் அது தொடங்கியது. அந்தக் கொட்டில்களில் தொங்கிய படங்களை ஏ9 வீதியால் போனவர்கள் கண்டிருப்பார்கள். அடையாள அட்டைக்கு எடுத்தவை, கலியாணப் படத்திலிருந்து வெட்டியவை, பாடசாலைக் குழுப் படத்திலிருந்து பெருப்பித்தவை. வெயிலிலும் மழையிலும் தொங்கி, ஒரு சாயம் முதலிலும் இன்னொன்று பிறகுமாக வெளுத்து, சில முகங்கள் நீலமாகவும் சில முகங்கள் சிவப்பாகவும் மாறிப்போனவை. படத்தை மாற்றி மாற்றி லாமினேற் செய்துகொண்டு தாய்மார் இருந்தார்கள். அவர்களில் பலர் விடை கிடைக்காமலே இறந்தும் போனார்கள்.

காணாமல் ஆக்கப்பட்ட அவருடைய மகனுக்கு 2009இல் பதினெட்டு வயது. அந்த வயதுப் படம் ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தப் பத்து வயதுப் படம் ஒன்றுதான். இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு உண்டு, இரணைமடு வாய்க்கால் மதகில் விழுந்ததாம். அது தெரிய வேண்டும் என்றார்.

விளக்கு வெளிச்சப் படத்தில் தழும்பு தெரியாது. சிவப்பு ஒளி தோலின் மேடு பள்ளத்தையும் கறையையும் மறைத்து மெழுகிவிடும். தழும்பும் மருவும் தெரிவது பச்சையிலும் நீலத்திலும்தான். அவர் வேண்டாமென்ற முழுத் திருத்தத்துக்குத் திரும்பிப்போனேன். பச்சைப் படலத்தை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தேன். புருவத்துக்கு மேலே சின்னப் பிறைபோல அது இருந்தது. நிறத்தை எல்லாம் நீக்கிக் கறுப்பு வெள்ளையாக அதைப் பெருப்பித்துக் கொடுத்தேன். அந்தப் படத்தில் இரவும் இல்லை, விளக்கும் இல்லை. வீதியில் போகும் யாரோ ஒருவர், என்றோ ஒருநாள் எங்கோ கண்ட புருவத்தை அடையாளம் காண்பதற்கு அது போதும். பதாகைக்கு அந்தப் படம். சாமியறைக்கு விளக்கு எரிகிற படம்.

ஒரு படத்துக்கு ஒரே ஒரு சரியான நிறம்தான் உண்டு என்று நம்பிக்கொண்டுதான் நான் இந்த வேலைக்கு வந்தேன். சாட்சிக்கு ஒரு வெள்ளையும் நினைவுக்கு ஒரு வெள்ளையும் வேண்டியிருக்கிறது என்பதை அந்த அம்மா காட்டித் தந்தார். இரண்டையும் அவருடைய வாயிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. நீலம் எத்தனை சொட்டு, சுவர் எந்த மண், சுடர் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அவரைப்போன்றவர்களின் கண்ணில்தான் இருக்கிறது. அவர்களுக்கு வயதாகிறது. படங்களை ஸ்கான் செய்து சேமிப்பவர்கள், படத்தோடு அந்தப் பேச்சையும் எழுதிவைக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். சேட்டு வெள்ளை, சுவர் செம்மண், விளக்கு ஜாம் போத்தல். மூன்று வரி போதும்.

அவருடைய பெயரில் என் கணினியில் மூன்று கோப்புகள் இருக்கின்றன. பதாகைக்கானது ஒன்று, சாமியறைக்கானது ஒன்று. மூன்றாவது, எந்தத் திருத்தமும் செய்யாத மஞ்சள் பிரதி. அதை நான் தொடுவதில்லை. அந்த அறையில் எது என்ன நிறமாக இருந்தது என்று சொல்லக்கூடிய இன்னொருவன் இருக்கிறான். அவன் வந்து அந்தக் கதிரையில் இருந்தால் திறக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.